நூற்று நான்காவது பெயர்: ஜானி குட்ரோ கல்லூரியிலிருந்து என்.எச்.எல். வரை

கேள்வி இதுதான்: "அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் ஒரு பையனை 18 வயதிலேயே தொழில்முறை அணி தேர்ந்தெடுத்துவிடுகிறது. அப்படியும் அவன் இரண்டு, மூன்று வருடம் கல்லூரியில் போய் ஆடுகிறான். காசு கொடுக்கிற இடம் காத்திருக்கும்போது காசில்லாத இடத்தில் ஏன் ஆட வேண்டும்? யாராவது ஒரு விங்கரின் வாழ்க்கையை வைத்து விளக்க முடியுமா?"

முடியும். அதற்கு ஒரு பெயர் போதும்: ஜானி குட்ரோ. பிரெஞ்சு வழி வந்த பெயர் என்பதால் எழுத்தைப் பார்த்து 'காட்ரியூ' என்று படிப்பவர்கள் உண்டு. ஆனால் உச்சரிப்பு 'குட்ரோ'தான். அவரைவிட அதிக கோல் அடித்த அமெரிக்க விங்கர்கள் பலர் இருக்கிறார்கள், கோப்பை வென்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு அவரளவுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் வாழ்க்கை வேறொன்று எனக்குத் தெரியவில்லை. கல்லூரி அவருக்கு இரண்டு விஷயங்களைக் கொடுத்தது. ஒன்று, உடம்பு தேறுவதற்கான நேரம். இன்னொன்று, எப்போது எங்கே போவது என்பதை அவரே முடிவு செய்யும் உரிமை. இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. நான் அதைத்தான் அழுத்திச் சொல்லப்போகிறேன்.

நம் ஊரில் ஹாக்கி என்றால் புல்தரை ஹாக்கிதான் நினைவுக்கு வரும் என்பதால் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. ஐஸ் ஹாக்கியில் களம் சுமார் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் பலகைச் சுவர். பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கெட்டி ரப்பர் வட்டு. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: ஒரு கோலி, இரண்டு டிஃபென்ஸ், நடுவில் ஒரு சென்டர், இரு ஓரங்களிலும் ஒவ்வொரு விங்கர். முக்கால் நிமிடம் போல முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியேறி, அடுத்த கூட்டத்துக்கு இடம் விடுவார்கள். விங்கரின் வேலை பெரும்பாலும் அந்தப் பலகை ஓரத்தில்தான். எதிரணியின் தடித்த டிஃபென்ஸ்காரர்கள் ஆளைப் பலகையோடு சேர்த்து நசுக்கும் இடமும் அதுதான். மோதுவது இந்த விளையாட்டில் விதிப்படி சரி. அதனால் விங்கர் என்றால் ஆறடிக்கு மேல், 90 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ரொம்ப காலம் நம்பினார்கள்.

குட்ரோ 1993 ஆகஸ்ட் 13 அன்று நியூ ஜெர்சியின் சேலத்தில் பிறந்தார். வளர்ந்தது அதற்குப் பக்கத்தில் கார்னிஸ் பாயின்ட். டெலவேர் ஆற்றங்கரை, பிலடெல்பியாவுக்கு அருகில். மினசோட்டா, மாசசூசெட்ஸ் போல ஹாக்கி ஊறிப்போன வட்டாரம் அல்ல. ஆனால் அவருடைய அப்பா கல்லூரி நாட்களில் ஹாக்கி ஆடியவர். அங்கே ஹாலிடெல் என்ற பனிக்கூடத்தில் பயிற்சியாளராக இருந்தார். பிள்ளைக்கு ஸ்கேட்டிங் பழக்க அவர் செய்தது இன்று எல்லா ஹாக்கி ரசிகர்களுக்கும் தெரிந்த கதை. பனித்தரையில் வண்ண வண்ண ஸ்கிட்டில்ஸ் மிட்டாய்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டுவிடுவார். குழந்தை ஒவ்வொரு மிட்டாயாகத் தேடிப் போகும். பிற்காலத்தில் குட்ரோ பனியில் திடீரென்று வளைந்து திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மிட்டாய்கள் ஞாபகத்துக்கு வரும்.

தம்பி மேத்யூ அவரைவிட ஒன்றரை வயதுக்கும் குறைவான இளையவன். இருவரும் ஒரே கூடத்தில், ஒரே அப்பாவிடம் பழகினார்கள், கிளவ்ஸ்டர் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் ஆடினார்கள். இந்தத் தம்பியை மறந்துவிடாதீர்கள். கதையின் முக்கியமான திருப்பம் ஒன்று அவனால் வருகிறது.

2010-ல் குட்ரோ அயோவா மாநிலத்தில் உள்ள டபியூக் ஃபைட்டிங் செயின்ட்ஸ் அணிக்குப் போனார். அந்த அணி ஆடுவது யு.எஸ்.எச்.எல். என்ற லீகில். அமெரிக்காவில் கல்லூரி ஹாக்கிக்குப் போக நினைக்கும் பையன்களுக்கு அதுதான் முக்கியமான படிக்கட்டு. சம்பளம் கிடையாது, உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் தங்கிக்கொண்டு ஆடுவார்கள். அங்கே 60 ஆட்டங்களில் 36 கோல், 36 அசிஸ்ட். ஹாக்கியில் கோலுக்கு ஒரு பாயின்ட், கோலுக்கு வழிசெய்த பாஸுக்கும் ஒரு பாயின்ட். ஆக 72 பாயின்ட். அந்த லீகின் சிறந்த புதுமுகம் என்ற விருது, அணிக்கு லீக் சாம்பியனுக்கான கிளார்க் கோப்பை, இரண்டும் வந்தன.

இவ்வளவு செய்த பையனை எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு எடுத்திருக்க வேண்டும், இல்லையா? என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக். அதன் அணிகள் இளம் வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2011 ஜூனில் செயின்ட் பால் நகரில் நடந்தது. 103 பெயர்கள் போன பிறகு, நான்காம் சுற்றில், 104-வது பெயராக கனடாவின் கால்கரி ஃபிளேம்ஸ் அணி இவரை எடுத்தது. காரணம் ஒன்றே ஒன்று: அப்போது அவர் உயரம் சுமார் 5 அடி 6 அங்குலம், எடை 62 கிலோ. பலகை ஓரத்தில் இந்த உடம்பு தாங்காது என்றுதான் மற்ற அணிகள் நினைத்தன. அன்றைக்குக் கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அந்தப் பயம் நியாயமானதுதான்.

இங்கேதான் உங்கள் கேள்வியின் உள்ளே போகிறோம். டிராஃப்டில் எடுத்துவிட்டால் அன்றே வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமல்ல. "இந்தப் பையன் என்.எச்.எல்.-க்கு வந்தால் எங்களிடம்தான் வர வேண்டும்" என்று ஓர் அணி முன்பதிவு செய்கிறது, அவ்வளவுதான். பதினெட்டு வயதில் நேரடியாக என்.எச்.எல்.-ல் ஆடக்கூடியவர்கள் ஒரு வருடத்துக்குக் கைவிரல் எண்ணிக்கைதான். மற்றவர்கள் எங்காவது வளர வேண்டும். அப்போது வட அமெரிக்காவில் அதற்கு இரண்டு பாதைகள் இருந்தன. கனடாவின் மேஜர் ஜூனியர் லீகுகள் ஒன்று. வருடத்துக்கு ஏறக்குறைய 68 ஆட்டங்கள், நீண்ட பேருந்துப் பயணங்கள், வீரர்களுக்குச் சிறு உதவித்தொகை. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி இன்னொன்று. அந்த உதவித்தொகையையும், மேஜர் ஜூனியரில் தொழில்முறை ஒப்பந்தம் போட்ட வீரர்கள் ஆடுவதையும் காரணம் காட்டி, அங்கே ஆடியவர்களைத் தொழில்முறை வீரர்கள் என்று கருதி அமெரிக்கக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாது. அதனால் ஒரு பையன் பதினாறு, பதினேழு வயதிலேயே எந்தப் பாதை என்று முடிவு செய்தாக வேண்டும். ஒன்றில் கால் வைத்தால் மற்றது மூடிவிடும். (இந்த விதி 2025-26 பருவத்திலிருந்து மாறிவிட்டது, மேஜர் ஜூனியரில் ஆடியவர்களும் இப்போது கல்லூரிக்கு வரலாம்.)

கல்லூரியில் வருடத்துக்கு 35 முதல் 40 ஆட்டங்கள்தான். பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் ஆட்டம். வார நாட்களில் வகுப்பும் பயிற்சியும் உடற்பயிற்சிக் கூடமும். முகம் முழுவதும் மூடும் கம்பிக் கூண்டு கட்டாயம். சண்டை போட்டால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றி அடுத்த ஆட்டத்துக்கும் தடை போடுவார்கள். 62 கிலோ பையனுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் சாப்பிட்டு, எடை தூக்கி, உடம்பை ஏற்றலாம். இரண்டு நாள் ஆடலாம். மூன்று வருடம் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

ஒப்பந்த விதியிலும் அப்போது ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. மேஜர் ஜூனியரில் ஆடுபவரை எடுத்த அணி இரண்டு வருடத்துக்குள் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. கல்லூரிக்குப் போனவருக்கு அவர் படிப்புக் காலம் முழுக்க அவகாசம். நான்கு வருடமும் முடித்து, அந்த ஆகஸ்ட் 15 வரை கையெழுத்துப் போடாமல் இருந்தால், எடுத்த அணியின் உரிமை காலாவதியாகிவிடும். வீரர் தனக்குப் பிடித்த அணிக்குப் போகலாம். அதாவது கல்லூரியில் இருக்கும் ஒவ்வொரு வருடமும் பேரத்தின் தராசு வீரர் பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

குட்ரோ முதலில் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்வதாகத்தான் ஏற்பாடு. அங்கிருந்த பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போனதும் மனதை மாற்றிக்கொண்டு, அதே நகரின் பாஸ்டன் கல்லூரிக்கு வந்தார். அங்கே ஜெர்ரி யார்க் பயிற்சியாளர். சின்ன உருவமுள்ள, வேகமான பையன்களைப் பயமில்லாமல் எடுத்து வளர்த்த மனிதர் அவர்.

முதல் வருடம், 2011-12-ல், 44 ஆட்டங்களில் 44 பாயின்ட். பிப்ரவரியில் பீன்பாட் நடக்கும். பாஸ்டனின் நான்கு கல்லூரிகள் மட்டும் மோதிக்கொள்ளும் பழைய போட்டி அது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தேசியப் போட்டி அளவுக்கு முக்கியம். அதில் சிறந்த வீரர் விருது முதல் வருடப் பையனான இவருக்கு. ஏப்ரலில் டாம்பாவில் தேசிய இறுதிப் போட்டி, எதிரணி ஃபெர்ரிஸ் ஸ்டேட். கடைசி நிமிடங்களில் பாஸ்டன் கல்லூரி 2-1 என்று ஒரு கோல் முன்னிலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அப்போது குட்ரோவிடம் பக் வருகிறது. டிஃபென்ஸ்காரரை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு மறுபக்கம் வந்து கோலியைத் தாண்டி வலைக்குள் போடுகிறார். 4-1 என்று ஆட்டம் முடிந்தது. அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள். டிராஃப்டில் 103 பேருக்குப் பிறகு வந்த பெயர் இது என்பது அந்தப் பத்து விநாடியில் நம்ப முடியாததாகிவிடும்.

இரண்டாம் வருடம் 35 ஆட்டங்களில் 51 பாயின்ட். நடுவில் 2013 ஜனவரியில் ரஷ்யாவின் உஃபா நகரில் உலக ஜூனியர் போட்டி. அமெரிக்கா தங்கம் வென்றது. ஏழு கோலுடன் தொடரிலேயே அதிக கோல் அடித்தவர் குட்ரோ. கல்லூரி ஹாக்கியின் உயர்ந்த விருதான ஹோபி பேக்கர் விருதுக்குக் கடைசி மூவரில் ஒருவராகவும் வந்தார்.

இப்போது கால்கரி அழைக்கிறது. பலர் இந்த இடத்தில் கிளம்பியிருப்பார்கள். புதியவர்களுக்கான ஒப்பந்தத்தின் அடிப்படைச் சம்பளமே அப்போது வருடத்துக்கு 9,25,000 டாலர் வரை போனது. 19 வயதுப் பையன் அதை வேண்டாம் என்று சொல்லி, சம்பளமில்லாத மூன்றாம் வருடத்துக்கு பாஸ்டனுக்கே திரும்பினார். ஏனென்றால் அந்த வருடம் தம்பி மேத்யூ அதே கல்லூரியில் சேர்கிறான். தம்பியுடன் ஒரே அணியில் ஒரு வருடம் ஆட வேண்டும், அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். அடிபட்டால் என்ன ஆகும், ஃபார்ம் போனால் என்ன ஆகும் என்ற கேள்விகளெல்லாம் நியாயமானவை. ஆனாலும் அவர் இருந்தார். கல்லூரிப் பாதை அதற்கு இடம் கொடுத்தது என்பதுதான் நான் சொல்ல வருவது.

அந்த 2013-14 பருவம் அதிசயம். 40 ஆட்டங்கள், 36 கோல், 44 அசிஸ்ட், 80 பாயின்ட். ஆட்டத்துக்கு இரண்டு. தொடர்ந்து 31 ஆட்டங்களில் ஒன்றில்கூடப் பாயின்ட் இல்லாமல் அவர் வெளியே வரவில்லை. பக்கத்தில் பில் ஆர்னால்ட் சென்டராகவும் கெவின் ஹேய்ஸ் மறுபக்க விங்கராகவும் ஆடினார்கள். இதில் ஹேய்ஸின் கதையைச் சொல்லியாக வேண்டும். 2010-ல் முதல் சுற்றிலேயே, 24-வது ஆளாக சிகாகோ அவரை எடுத்திருந்தது. நான்கு வருடம் கல்லூரியில் முடித்தார், சிகாகோவில் கையெழுத்துப் போடவில்லை, 2014 ஆகஸ்டில் உரிமை காலாவதியானதும் நியூ யார்க் ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார். மேலே நான் சொன்ன விதி காகிதத்தில் மட்டும் இருந்ததல்ல. குட்ரோவும் நான்காம் வருடம் இருந்துவிட்டால் இதே நிலைதானே என்ற பயம் கால்கரி ரசிகர்களைத் தூங்கவிடவில்லை.

அந்த ஏப்ரலில் நான்கு நாட்களுக்குள் அவர் வாழ்க்கை மாறியது. தேசிய அரையிறுதி பிலடெல்பியாவில், அவர் வீட்டுக்குப் பக்கத்தில். 10-ஆம் தேதி வியாழன், யூனியன் கல்லூரியிடம் 5-4 என்று தோல்வி. தம்பியுடன் சேர்ந்து கோப்பை தூக்கும் கனவு அங்கே முடிந்தது. 11-ஆம் தேதி வெள்ளி இரவு, அதே ஊரில், ஹோபி பேக்கர் விருதை வாங்கினார். அன்றிரவே கால்கரியுடன் கையெழுத்தும் ஆனது. கூடவே பில் ஆர்னால்டும் கையெழுத்திட்டார். 13-ஆம் தேதி ஞாயிறு, கண்டத்தின் மறுகரையில் வான்கூவரில், என்.எச்.எல். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் இறங்கினார். வலையை நோக்கி அவர் அடித்தது ஒரே ஒரு தடவை, அது கோல். கால்கரி 5-1 என்று தோற்றது. ஆனால் அணிக்கு அன்று கிடைத்த அந்த ஒரே கோல் இவருடையது.

அப்புறம் எல்லாம் சுலபம் என்று நினைத்தால் தவறு. 2014 அக்டோபரில் முழுப் பருவம் தொடங்கியது. முதல் ஐந்து ஆட்டங்களில் ஒரு பாயின்ட்கூட இல்லை. பயிற்சியாளர் பாப் ஹார்ட்லி அடுத்த ஆட்டத்தில் அவரை வெளியே உட்கார வைத்தார். உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும் கோல். கல்லூரியில் வாரம் இரண்டு ஆட்டம் ஆடியவருக்கு 82 ஆட்டப் பருவம் என்பது வேறு உலகம். இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர், எதிரே நிற்பவர்கள் தாடி வைத்த 30 வயது ஆட்கள், பலகை ஓரத்தில் மூச்சு விட நேரமில்லை. அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது, ஆனால் மற்றவர்களுக்கு வராதது. எதிரணிப் பகுதிக்குள் முழு வேகத்தில் பக்கோடு நுழைவார். டிஃபென்ஸ்காரர் மோத வருவார். அந்த நொடியில் நின்று, பலகைப் பக்கம் வளைந்து திரும்பிவிடுவார். மோத வந்தவர் வெறுங்காற்றில் போய்க்கொண்டிருப்பார். பின்னால் வரும் சக வீரருக்கு அதற்குள் பாஸ் போய்விட்டிருக்கும். உடம்பு சின்னது என்பதை மறைக்க அவர் முயலவே இல்லை. பெரிய உடம்பு திரும்ப எடுக்கும் நேரத்தைத் தன் லாபமாக்கிக்கொண்டார்.

அந்த டிசம்பர் 22 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுக்கு எதிரான ஆட்டம். கால்கரி வரிசையாகத் தோற்றுத் துவண்டிருந்த சமயம். அன்றும் 3-0 என்று பின்தங்கியது. மூன்று கோலையும் குட்ரோ ஒருவரே அடித்துச் சமன் செய்தார். ஓவர்டைமில் கால்கரி வென்றது. பருவ முடிவில் 64 பாயின்ட். அந்த வருடப் புதுமுகங்களில் ஒட்டாவாவின் மார்க் ஸ்டோனுடன் சேர்ந்து முதலிடம். யிரி ஹுட்லரும் ஷான் மோனஹனும் அவருடன் ஒரே வரிசையில் ஆடினார்கள். மோனஹனும் இவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். பருவ முடிவில் சிறந்த அணிகள் கோப்பைக்காக மோதும் சுற்றுகளுக்குப் பிளே-ஆஃப் என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நான்கு ஆட்டம் வெல்பவர் முன்னேறுவார். 2009-க்குப் பிறகு முதல் தடவையாக கால்கரி பிளே-ஆஃபுக்குப் போனது, முதல் சுற்றில் வான்கூவரைத் தோற்கடித்தது. 'ஜானி ஹாக்கி' என்ற கல்லூரிச் செல்லப்பெயர் ஊர் முழுக்கப் பரவியது.

அடுத்த சில வருடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015-16-ல் 30 கோலுடன் 78 பாயின்ட். 2016 அக்டோபரில் ஆறு வருட ஒப்பந்தம், வருடத்துக்குச் சராசரி 67.5 லட்சம் டாலர். அந்த நவம்பரில் மினசோட்டாவுக்கு எதிராக ஆடும்போது எதிரணியினர் மட்டையால் கைகளில் திரும்பத் திரும்ப அடித்ததில் விரல் முறிந்து அறுவை சிகிச்சை. பிடிக்க முடியாதவரைக் கையில் அடித்து நிறுத்துவது அப்போது சாதாரணமாக நடந்த கொடுமை. இவருக்கும் இன்னும் சிலருக்கும் ஏற்பட்ட இப்படிப்பட்ட காயங்களுக்குப் பிறகு, அடுத்த பருவத்தில் லீக் அந்தத் தவறுக்கு நடுவர்களைக் கண்டிப்பாகத் தண்டனை கொடுக்கச் சொன்னது. அதே 2016-17-ல் நற்பண்போடு ஆடுபவருக்கான லேடி பிங் கோப்பை இவருக்குக் கிடைத்தது. 72 ஆட்டங்களில் அவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தது மொத்தம் நான்கு நிமிடம். அத்தனை அடி வாங்கிய ஒருவர் திருப்பி அடிக்காமல் இருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

2018-19-ல் 99 பாயின்ட், மேற்குப் பிரிவில் கால்கரி முதலிடம். ஆனால் பிளே-ஆஃபில் கொலராடோவிடம் ஐந்தே ஆட்டங்களில் வெளியேற்றம். அந்த ஐந்தில் குட்ரோவுக்கு ஒரே ஒரு அசிஸ்ட். 2017-லும் அனாஹைமிடம் நாலுக்கு நாலு தோற்றபோது அவர் கோல் அடிக்கவில்லை. "சின்ன ஆள், சாதாரண நாட்களில் ஜொலிப்பார், மே மாதம் வந்தால் காணாமல் போவார்" என்ற பேச்சு எழுந்தது. டிராஃப்டில் கேட்ட அதே சந்தேகம், எட்டு வருடம் கழித்து வேறு சட்டை போட்டு வந்தது.

பதில் 2021-22-ல் கிடைத்தது. 82 ஆட்டங்களிலும் ஆடி, 40 கோல், 75 அசிஸ்ட், 115 பாயின்ட். அந்த வருடம் லீகில் அவரைவிட அதிகம் எடுத்தவர் எட்மன்டனின் கானர் மெக்டேவிட் ஒருவர்தான். எலியாஸ் லிண்ட்ஹோம், மேத்யூ கச்சக், குட்ரோ: ஒரே வரிசையில் மூவரும் ஆளுக்கு 40 அல்லது அதற்கு மேல் கோல். இன்னொரு கணக்கும் முக்கியம். எதிரணி தண்டனையால் ஆள் குறைந்து ஆடும்போது அடிக்கும் பவர்-பிளே கோல்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், குட்ரோ பனியில் இருந்தபோது கால்கரி அடித்தவை, வாங்கியவற்றைவிட 64 அதிகம். லீகிலேயே அதிகபட்சம் அது. சின்ன விங்கர் அடிப்பதைவிட அதிகமாக விட்டுவிடுவார் என்று சொன்னவர்களுக்கு இதற்குமேல் என்ன காட்டுவது?

பிறகு பிளே-ஆஃப் முதல் சுற்றில் டல்லாஸுக்கு எதிரான ஏழாவது, கடைசி ஆட்டம். 2022 மே 15, ஞாயிறு இரவு கால்கரியில். நமக்கு இங்கே திங்கள் காலை. டல்லாஸ் கோலி ஜேக் ஓட்டிங்கர் அன்றைக்கு ஒரு சுவராக நின்றார். மொத்தம் 64 அடிகளைத் தடுத்தார். 2-2 என்று சமனில் ஓவர்டைம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும். கச்சக் அடித்தது தடுக்கப்பட்டுத் தெறிக்கிறது. வலைக்கு ஓரமாக, கோல்கோட்டுக்குப் பக்கத்தில், கோல் தெரியவே தெரியாத கோணத்தில் குட்ரோ. கோலியின் தோளுக்கு மேலே இருந்த கையகல இடைவெளியில் பக்கை ஏற்றினார். அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டியவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த சுற்றில் எட்மன்டனிடம் கால்கரி தோற்றது. ஆனால் மே மாதத்தில் காணாமல் போகிறவர் என்ற பேச்சு அந்த இரவோடு முடிந்தது.

அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிந்தது. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். கால்கரி பெரிய தொகை கொடுக்கத் தயாராக இருந்தது. 2022 ஜூலை 13 அன்று குட்ரோ கையெழுத்திட்டது ஒஹாயோவின் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸுக்கு: ஏழு வருடம், வருடத்துக்குச் சராசரி 97.5 லட்சம் டாலர். கொலம்பஸ் கோப்பைக்குப் போட்டியிடும் அணி அல்ல. எல்லோரும் வியந்தார்கள், கால்கரியில் பலர் கோபப்பட்டார்கள். அவர் சொன்னது குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத்தான். முதல் குழந்தை பிறக்கவிருந்த சமயம் அது. கொலம்பஸிலிருந்து நியூ ஜெர்சிக்குக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். 19 வயதில் தம்பிக்காகக் கல்லூரியிலேயே இருந்த அதே பையன்தான் 28 வயதில் இந்த முடிவை எடுத்தார் என்று பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. வேலைக் கணக்கில் அவருக்கு அது இறக்கம் என்பதை மறுக்க மாட்டேன். முதல் வருடம் 74 பாயின்ட், இரண்டாம் வருடம் 60. இரண்டு வருடமும் பிளே-ஆஃப் இல்லை. என்.எச்.எல்.-ல் மொத்தம் 763 ஆட்டங்கள், 243 கோல், சரியாக 500 அசிஸ்ட்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். கல்லூரிப் பாதை எல்லோருக்கும் நல்லதா என்றால், இல்லை. 18 வயதிலேயே உடம்பும் ஆட்டமும் முதிர்ந்துவிட்டவருக்கு அது வீண் தாமதம். வாரம் இரண்டு ஆட்டம் என்பது தினமும் ஆடிப் பழக வேண்டியவருக்குக் குறைவு. ஆனால் உடம்பு தாமதமாகத் தேறுபவருக்கும், அணி தன்மேல் சந்தேகத்தோடு எடுத்திருக்கிறது என்று தெரிந்தவருக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. குட்ரோ 62 கிலோவில் உள்ளே போய், பிற்காலத்தில் 5 அடி 9 அங்குலம், 75 கிலோ என்று பதிவானார். அந்தக் கிலோக்களில் பெரும்பகுதி பாஸ்டனில் ஏறியவை. அவரைப் பார்த்து அணிகள் சின்ன விங்கர்களைத் தைரியமாக எடுக்கத் தொடங்கின. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடி, 2021-ல் ஹோபி பேக்கர் வாங்கி, மான்ட்ரியாலுக்குப் போன கோல் காஃபீல்ட் அப்படி ஒருவர். 2019-ல் அவரை முதல் சுற்றிலேயே, 15-வது ஆளாக எடுத்தார்கள். உயரம் 5 அடி 8 அங்குலம். எட்டு வருடத்தில் 104-லிருந்து 15.

காஃபீல்ட் மான்ட்ரியாலில் 22-ஆம் எண் சட்டை அணிந்து ஆடிவந்தார். 2024-25 பருவத்துக்கு முன் அதை 13 என்று மாற்றிக்கொண்டார். 13 குட்ரோவின் எண்.

2024 ஆகஸ்ட் 29 மாலை, ஜானியும் மேத்யூவும் ஊரில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தங்கையின் கல்யாணம்; அண்ணன்மார் இருவரும் மாப்பிள்ளைத் தோழர்களாக நிற்க வேண்டியவர்கள். ஓல்ட்மன்ஸ் டவுன்ஷிப் சாலையில், முன்னால் போன வண்டியை வலப்பக்கமாக முந்த முயன்ற கார் ஒன்று இருவர் மீதும் மோதியது. ஓட்டியவர் குடித்திருந்தார் என்று போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. இருவரும் இறந்துபோனார்கள். ஜானிக்கு 31 வயது, மேத்யூவுக்கு 29. கால்கரியில் அவரை விட்டுப் போனவர் என்று கோபித்த அதே ரசிகர்கள் சாடில்டோம் அரங்கத்தின் படிகளில் பூக்களும் ஸ்கிட்டில்ஸ் பொட்டலங்களும் அவருக்குப் பிடித்த ஊதா நிற கேட்டரேட் பானமும் குவித்தார்கள்.

ஷான் மோனஹன் அந்த ஜூலையில்தான், பழைய நண்பனோடு மறுபடி ஒரே வரிசையில் ஆடலாம் என்ற ஆசையோடு கொலம்பஸில் ஒப்பந்தமாகியிருந்தார். அக்டோபர் 15, கொலம்பஸின் முதல் உள்ளூர் ஆட்டம், எதிரணி ஃபுளோரிடா. மோனஹன் நடுவில் வந்து நின்றார். அவருக்கு இடப்பக்கம், விங்கர் நிற்க வேண்டிய இடம், காலியாக இருந்தது. பக் கீழே விழுந்தது. யாரும் அதைத் துரத்தவில்லை. இரு அணியினரும் அசையாமல் நின்றார்கள். கடிகாரம் 13 விநாடி ஓடியது. அப்புறம்தான் நடுவர் விசில் ஊதினார்.